மின்னி பே பெட்டியும் லால் பத்தியும்

கன்ட்ரோல் ரூம் நாற்காலியில் புதிதாக உட்காரப்போகிற பிள்ளைகளே, உங்களில் இரண்டு பேர் பத்துபஸ்தியில் என் வீட்டுக்கே வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். "மேடம், பெட்டியோட பக்கத்தைத் திறந்தா பிரவுசர்ல ஒரு எச்சரிக்கை வருதே, அதை வராமப் பண்றது எப்படி?" நான் டீயையும் முறுக்கையும் கொடுத்து, பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் கோபம் வந்துவிடும், கோபம் வந்தால் முக்கியமானதை விட்டுவிடுவேன். ரிட்டயர் ஆகியும் அந்தக் குணம் மட்டும் போகவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த எச்சரிக்கையை வராமல் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று சோம்பேறி வழி. செட்டிங்கில் போய் பிரவுசரின் வாயைக் கட்டிவிடலாம், உங்கள் போன் இரண்டு நிமிடத்தில் அதைச் சொல்லிக் கொடுக்கும். இன்னொன்று நான் போன வழி. அதற்கு எனக்கு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் ஆயின. எதற்கு இவ்வளவு பாடு என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றைக்கு எல்லோரும் கேட்டார்கள்.

இந்தத் தீவில் நம் கம்பெனி செய்கிற வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் முதல் மாதத்தில் எனக்கே சரியாகப் புரியவில்லை. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ரோட்டோரம் ஒரு சுவிட்ச் பெட்டி நிற்கிறது. அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். நாம் ஆபீசில் இருந்தபடி பிரவுசரில் அந்தப் பெட்டியின் முகவரியை அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஒரு பட்டனை அழுத்தினால் அந்த ஏரியா லைனில் கரன்ட் நிற்கும், இன்னொன்றை அழுத்தினால் வரும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நாம் அழுத்துகிற நேரத்தில் அந்த லைனுக்குக் கீழே ஒரு ஆள் ஏணியைச் சாய்த்துக்கொண்டு நம் வார்த்தைக்காகக் காத்திருப்பார். போனில் நாம் "பந்த் ஹோ கயா", நிறுத்தியாச்சு, என்று சொன்னால் அவர் ஏறுவார். இந்த இரண்டாவது பாதியை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

நான் சேர்ந்த காலத்தில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் வருவது சிவப்பு முக்கோணம்தான். "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று மிரட்டும். எங்கள் கன்ட்ரோல் ரூமில் அதற்குப் பெயரே "லால் பத்தி". சிவப்பு விளக்கு. அந்த நாற்காலியில் அதிகம் உட்கார்ந்தவர் ரமணா. விசாகப்பட்டினத்துக் குடும்பம், பிறந்தது இங்கே. தெலுங்கு, தமிழ், ஹிந்தி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். புதிதாக யார் வந்தாலும் அவர் கற்றுக் கொடுத்த முதல் பாடம் இது: "லால் பத்தி ஆயேகா. குச் நஹி ஹோதா. கீழ சின்ன எழுத்துல இருக்கு பார், அதைத் தட்டு, ஆகே படோ." ஒன்றும் ஆகாது, முன்னேறு என்று அர்த்தம். சிக்னலில் ஆட்டோக்காரர் பண்ணுவதைத்தான் நாங்கள் கம்ப்யூட்டரில் பண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சிவப்பு ஏன் வந்தது என்றால், காரணம் எளிமையானது. கப்பல் டிக்கெட் வரிசையில் நிற்கிறோம். தீவுக்காரர் என்று காட்டுகிற ஐலண்டர் கார்டு இருந்தால் ஒரு கட்டணம், இல்லையென்றால் வேறு கட்டணம். கவுன்டரில் ஒருவர் கார்டை நீட்டுகிறார். வாங்கிப் பார்த்தால் அதை அவரே எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு, அவரே முத்திரையும் குத்தியிருக்கிறார். கவுன்டரில் இருப்பவர் என்ன சொல்வார்? "நீ இந்த ஊர்க்காரனாகவே இருக்கலாம் அப்பா, ஆனால் எனக்கு எப்படித் தெரியும்?" பிரவுசரும் அதைத்தான் சொன்னது. நம் பெட்டிகள் எல்லாம் ஃபேக்டரியில் இருந்து வரும்போதே தங்கள் சான்றிதழில் தாங்களே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தவை. பெட்டி பொய் சொல்லவில்லை. பிரவுசரும் வீணாகப் பயமுறுத்தவில்லை. நடுவில் கார்டைப் பார்க்கவே பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது நாம்தான்.

இது எனக்கு உறைத்தது பாராடாங் படகுத் துறையில். அங்கே ஒரு பெட்டி பழுது. நானும் லைன்மேன் சிவலிங்கமும், காட்டு வழியில் போலீஸ் துணையோடு வண்டிகள் வரிசையாகப் போகும் கான்வாயில் போய் இறங்கி, அக்கரைக்குப் போகும் ஃபெர்ரிக்காக நின்றோம். சிவலிங்கத்தின் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்தில் இருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவர்கள். இவருக்குத் தோட்டம் பிடிக்கவில்லை, கம்பம் பிடித்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். துறையில் "முதலை, ஜாக்கிரதை" என்று ஒரு பலகை. ஒரு டூரிஸ்ட் குடும்பம் அதன் மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

"அவங்களச் சொல்லிக் குத்தமில்லக்கா," என்றார் சிவலிங்கம். "பலகை தெனமும்தானே நிக்குது. முதல வார அன்னிக்கி மட்டும் நின்னா, எவன் போய் சாஞ்சுக்குவான்?"

நான் சிரித்தேன். ஃபெர்ரியில் ஏறியபின் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் கன்ட்ரோல் ரூமில் முதலை இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே பலகைதான். நிஜமாகவே ஒருநாள் ஏதாவது தப்பாக இருந்தால் அதைச் சொல்வதற்கு பிரவுசரிடம் வேறு வார்த்தையே கிடையாது. புலி வருது கதையில் கடைசியில் புலி வந்ததே, அந்த இடத்தில் கம்பத்தில் இருக்கப்போவது இந்த மனிதர்தான்.

அப்போதுதான் ஒவ்வொரு பெட்டிக்கும் நாமே கார்டு கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். ஆபீசில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு, எல்லாப் பெட்டிக்கும் அதில் இருந்து சான்றிதழ் எழுதி, நம் கம்ப்யூட்டர்களிடம் "இந்தக் கையெழுத்தை நம்பு" என்று சொல்லிவிடுவது. பிறகு நல்ல நாளில் சிவப்பு வராது. எப்படிச் செய்வது என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது, இங்கே சொல்லிக் கழுத்தறுக்க மாட்டேன். கஷ்டம் அதில் இல்லை, மனிதர்களிடம் இருந்தது.

மேனேஜர் திருச்சிக்காரர், மெயின்லேண்டில் இருந்து வந்தவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் அவசரமாக முடிக்கவேண்டும் அவருக்கு. "மேடம், ஒரு கிளிக்கை மிச்சம் பண்றதுக்கா இத்தனை அலைச்சல்? வேலையத்த வேலையா இருக்கே" என்றார். ரமணா ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு பெட்டிக்கும் நான் கார்டு போட்டு வரும்போது, "மேடம் இன்னைக்கு யாருக்கு ஐலண்டர் கார்டு குடுத்தீங்க? ரேஷன் கார்டு எப்போ?" என்பார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "உங்களுக்குத்தான் முதல்ல எடுக்கணும், நீங்க எந்த ஊர்னு உங்க பாஷைய வெச்சுக் கண்டுபிடிக்க முடியல" என்பேன். இப்படித்தான் வேலை நடந்தது. பத்துபஸ்தி பெட்டி முடிந்தது, மின்னி பே ஏரியா முடிந்தது, பக்கத்தில் இருந்த மற்றவையும் ஒன்றொன்றாக முடிந்தன. பாராடாங் மட்டும் பாக்கி. அங்கே இருந்த பழைய பெட்டி எதற்கும் மசியவில்லை, புதுசு கப்பலில் வரவேண்டும் என்று காத்திருந்தோம்.

நடுவில் ஒரு கேலிக்கூத்து. ஒருநாள் காலை எல்லாப் பெட்டிக்கும் சேர்ந்து சிவப்பு வந்துவிட்டது. ரமணா நாற்காலியை விட்டு எழுந்து எனக்குக் கும்பிடு போட்டு வாழ்த்தினார். "பதாயி ஹோ மேடம், உங்க கார்டு எல்லாம் ஒரே நாள்ல செத்துப்போச்சு." மேனேஜர் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெகு நேரம் தேடியபின் தெரிந்தது, கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பொட்டு அளவு பேட்டரி உப்புக் காற்றில் அரித்துப்போயிருந்தது. கம்ப்யூட்டருக்குத் தேதி மறந்துவிட்டது. நான் கொடுத்த கார்டெல்லாம் இன்னும் பிறக்காத கார்டு என்று அது நினைத்துக்கொண்டது. பேட்டரியை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் என் மதிப்பு சரியாகவில்லை. அதன்பிறகு எங்கே எது பழுதானாலும், "பேட்டரியப் பார்த்தீங்களா மேடம்?" என்பது ஆபீஸ் ஜோக் ஆகிவிட்டது.

இனி அந்த நாள்.

மழை பிடித்துக்கொண்ட நாள் அது. காலையில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பாராடாங்குக்கான புதுப் பெட்டி கப்பலில் வந்து இறங்கி, ஆபீஸ் பின் அறை மேசையில் இருந்தது. மறுநாள் கான்வாயில் அனுப்பவேண்டும் என்று ரமணா அதைத் தயார் செய்துகொண்டிருந்தார். மதியத்துக்குமேல் காற்று எழுந்தது. எல்லாப் பக்கமும் போன். எங்களிடம் இருந்த இரண்டு ஜீப்பில் ஒன்று, சாமான்களோடு, ஏற்கெனவே பாராடாங் பக்கம் போய் மாட்டிக்கொண்டது. ரமணா பின் அறையை விட்டு ஓடிவந்து கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் சிவலிங்கம் மின்னி பேயில் இருந்து கூப்பிட்டார். ரமணா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ரமணா, பெரிய கெளை ஒண்ணு லைன் மேல சாஞ்சு கெடக்கு. வயரு தொங்கிட்டு வருது, எந்த நேரமும் அறும். கீழ ரோட்டுல முட்டித் தண்ணி. ஸ்கூல் வேனுங்க வார நேரம். மின்னி பே பெட்டிய நிறுத்து, நான் ஏறி வெட்டி விடுறேன். எர்த் ராடு அந்த ஜீப்புல போயிருச்சு, அதனால நீ நிறுத்திட்டுச் சரியாச் சொல்லு."

எர்த் ராடு என்பது, லைன் செத்துவிட்டதா என்று உறுதி செய்து, அதைத் தரையோடு சேர்த்துக் கட்டுகிற கம்பி. அது இல்லாமல் ஏறக்கூடாது. ஏறக்கூடாதுதான், ஆனால் கீழே குழந்தைகள் வருகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதர் ஏறிவிடுவார். அன்று அவருக்கு எர்த் ராடு ரமணாவின் வாய்தான்.

ரமணா மின்னி பே பெட்டியைத் திறந்தார். சிவப்பு முக்கோணம் வந்தது.

பழைய ரமணாவாக இருந்தால் கை தானாகப் போயிருக்கும். கை போகத்தான் செய்தது, நான் பின்னால் நின்று பார்த்தேன். சின்ன எழுத்துக்குப் பக்கத்தில் போய், நின்றது. இத்தனை மாதமாக வராத ஒன்று வந்திருக்கிறதே என்று அந்தக் கைக்கே தோன்றியிருக்கவேண்டும். "மேடம்," என்றார் திரும்பாமல், "மின்னி பே மே லால் பத்தி."

மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். "அட, பேட்டரி மறுபடியும் போயிருக்கும். தட்டிட்டுப் போங்க ரமணா. ஆள் கம்பத்துக்கிட்ட நிக்கிறார்."

"பத்துபஸ்தி பெட்டியைத் திறங்க," என்றேன் நான். திறந்தது, சிவப்பே இல்லாமல். இன்னொன்றையும் திறக்கச் சொன்னேன், அதுவும் சுத்தம். பேட்டரி இல்லை, தேதியும் சரி. கோளாறு மின்னி பேயில் மட்டும்.

"இடி விழுந்து பெட்டி மறந்துபோயிருக்கும் மேடம்," என்றார் மேனேஜர். அது நடக்கக்கூடியதுதான். அதிர்ச்சியில் பெட்டி எல்லாவற்றையும் மறந்து, ஃபேக்டரியில் இருந்து வந்த நாள் மாதிரி, தானே புதுக் கார்டு எழுதிக்கொள்ளும். அப்படியென்றால் அது நம் பெட்டிதான், பட்டனை அழுத்தலாம். அப்படி இல்லையென்றால்?

குனிந்து அந்தக் கார்டைத் திறந்து பார்த்தேன். நான் கொடுத்தது இல்லை. தானே எழுதிக்கொண்டது. எழுதிய நேரம் இன்று காலை. காலையில் இடியும் இல்லை, மழையும் இல்லை.

"அக்கா, ஏறட்டா?" ஸ்பீக்கரில் சிவலிங்கம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறாமல் இருந்தேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. எதிரில் கதவைத் திறந்துகொண்டு "நான்தான் மின்னி பே" என்று நிற்பது யாரென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஆள் "நிறுத்திவிட்டேன்" என்று சொல்லும் வார்த்தையை நம்பி நான் ஒரு மனிதரைக் கம்பத்தில் ஏற்ற முடியாது.

"ஏறாதீங்க. ஏணிய விட்டுத் தள்ளி நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் கம்பத்தத் தொடாதீங்க."

"அக்கா, வேனு வந்துரும்க்கா."

"தெரியும். தொடாதீங்க."

மேனேஜர் மேசைக்கு வந்து, தானே மவுசைப் பிடிக்கக் கையை நீட்டினார். நான் மவுசின் மேல் என் கையை வைத்துவிட்டேன். அதுவரை மேனேஜரிடம் நான் குரலை உயர்த்தியது கிடையாது. "சார், தொடாதீங்க. பவர் ஹவுஸைக் கூப்பிட்டு மொத்த லைனையும் நிறுத்தச் சொல்லப்போறேன்."

அவர் முகம் வெளுத்தது. அதற்குக் காரணம் உண்டு, அவரைக் குறை சொல்லக்கூடாது. மொத்த லைனை நிறுத்தினால் ஊரில் பாதி இருட்டு. அன்று பிற்பகல் அந்தப் பாதியில்தான் நம் கான்ட்ராக்டை நீட்டிப்பதா என்று முடிவெடுக்கிற கூட்டம். கூட்டத்தின் தலைக்கு மேலே ஃபேன் நின்றால், கரன்ட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நாங்கள் என்று சொல்ல எங்களுக்கு என்ன முகம்? அங்கே வேலை பார்த்த எல்லார் வீட்டு அடுப்பும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது, என் அடுப்பும் சேர்த்து.

"நாளைக்கு வெறும் இடிதான்னு ஆச்சுன்னா?" என்று கேட்டார்.

"ஆச்சுன்னா திட்டுங்க சார், வாங்கிக்கிறேன். அவர் மேல போயி இடி இல்லைன்னு ஆச்சுன்னா யார் வாங்கிக்கிறது?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு தானே போனை எடுத்து பவர் ஹவுஸுக்கு அடித்தார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம், கையைத் தட்டிவிட்டு அழுத்தியிருக்கலாம். பயத்தோடு, நம்பிக்கை இல்லாமல், ஆனாலும் அடித்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் அறை விளக்கும் அணைந்தது, யு.பி.எஸ். கீச்சென்று கத்தியது. நிறுத்திவிட்டோம், யாரும் மறுபடி போடாமல் பூட்டும் போட்டுவிட்டோம் என்று பவர் ஹவுஸில் இருந்து சொன்னார்கள். அங்கிருந்தே ஒரு எர்த் ராடும் ஜீப்பில் மின்னி பேக்குக் கிளம்பியது.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்கவேண்டும். லைன் செத்தவுடனே அவசரமும் செத்துவிட்டது. வயர் அறுந்து தண்ணீரில் விழுந்தாலும் இனி அது வெறும் கம்பி. ஸ்கூல் வேன்கள் வந்தன, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின, குழந்தைகள் ஜன்னலில் இருந்து சிவலிங்கத்துக்குக் கை காட்டினவாம். அவர் எர்த் ராடு வரும்வரை எதிர்க்கடையில் ஒதுங்கி நின்று டீ குடித்துவிட்டு, அப்புறம் நிதானமாக ஏறி வெட்டினார். நெருக்கடியில் உங்களுக்குச் சரியான விடை தெரியாமல் இருக்கலாம். அப்போது யாருக்கும் ஆபத்தில்லாமல் யோசிக்க நேரம் கிடைக்கிற வழி எதுவோ, அதை முதலில் செய்யுங்கள். அதனால் கெட்ட பேர் வந்தால் வரட்டும்.

விளக்கு அணைந்த அறையில் ரமணா மட்டும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "மேடம்," என்றார், "அந்தக் கார்டு எழுதின நேரம், சுபஹ் சொன்னீங்களே. காலையில. எத்தனை மணி?"

சொன்னேன்.

எழுந்து பின் அறைக்கு ஓடினார். நானும் மேனேஜரும் பின்னால் போனோம். மேசையில் பாராடாங்குக்கான புதுப் பெட்டி, அங்கே ஒரு யு.பி.எஸ்ஸில் உயிரோடு, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு, நம் நெட்வொர்க் கேபிள் செருகியபடி இருந்தது.

நீங்களும் நாளைக்குச் செய்யப்போகிற காரியம்தான் அவர் செய்தது. நமக்கு மெயின்லேண்டில் இருந்து எஞ்சினியர் வந்து பெட்டியைச் சீர் செய்து தருவதில்லை. ஏற்கெனவே நன்றாக ஓடுகிற ஒரு பெட்டியின் செட்டிங் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து புதுப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பிறகு பெயரையும் முகவரியையும் மாற்றுவோம். தீவில் எல்லோரும் அப்படித்தான். ரமணா மின்னி பேயில் இருந்து எடுத்துப் போட்டிருந்தார். பெயரை மாற்றுவதற்குள் மழையும் போனும் வந்துவிட்டன. காலையில் அந்தப் பெயர் ஏறியதும் மேசையில் இருந்த பெட்டி தானே ஒரு புதுக் கார்டு எழுதிக்கொண்டு, தன்னை மின்னி பே என்றே நம்பிக்கொண்டிருந்தது. பெயர் அதே, முகவரி அதே, பாஸ்வேர்டும் அதே. நாங்கள் கூப்பிட்டபோது, பக்கத்து அறையில் இருந்ததால் அது முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. ஒரு பெட்டியில் இருந்து இன்னொன்றுக்குப் போகாதது ஒன்றே ஒன்று, நான் கொடுத்த கார்டு.

ரமணா கேபிளைப் பிடுங்கினார். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். "மை நே கியா," என்றார். நான்தான் செய்தேன். பிறகு தமிழில், "சிவலிங்கம் அண்ணா மேல போயிருப்பாரு."

"போகல," என்றேன். "கை நின்னுதே. உங்க கைதான் நின்னுது ரமணா." அவர் அழுதார். நானும் அழுதேன். ஆபீசில் அழக்கூடாது என்றெல்லாம் யாராவது உங்களுக்குச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "நேத்து நான் அழுத்தியிருந்தா திரையில என்ன வந்திருக்கும்? எனக்குப் பார்க்கணும்." தனிக் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து மேசைப் பெட்டியோடு மட்டும் இணைத்தோம். சிவப்பு வந்தது. அவரே சின்ன எழுத்தைத் தட்டி முன்னேறினார். "மின்னி பே" என்று மேலே கொட்டை எழுத்தில் பெயர். நிறுத்து என்ற பட்டனை அழுத்தினார். அந்தப் பெட்டியில் ஒரு வயர்கூட இல்லை, வெறும் மேசைதான். ஆனாலும் உள்ளே டக்கென்று ஒரு சத்தம். திரையில் பச்சை நிறத்தில், பெயரோடு, நேரத்தோடு, லைன் நிறுத்தப்பட்டது என்று வந்தது.

அவர் அந்தப் பச்சை எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பாராடாங் பெட்டிக்குக் கார்டு எப்போ போடுறீங்க?" என்று கேட்டார். "நானும் வர்றேன்."

வந்தார். கான்வாயில் வழி முழுக்கத் தூங்கினார், ஆனால் வந்தார். போகிற புதுப் பெட்டி எதுவானாலும், தன் சொந்தப் பெயரும் நம் கார்டும் இல்லாமல் நெட்வொர்க் கேபிளைத் தொடக்கூடாது என்று இன்று உங்களுக்கு ஒரு விதி இருக்கிறதே, அதை எழுதியது அவர். எர்த் ராடு இல்லாமல் யாரும் ஏறக்கூடாது, ஒவ்வொரு ஜீப்பிலும் ஒன்று இருக்கவேண்டும் என்பதும் அவருடையதே. கான்ட்ராக்டும் நீண்டது. கூட்டத்தில் விளக்கு ஏன் போயிற்று என்று கேட்டபோது அவர் உள்ளதை உள்ளபடி சொன்னாராம். நீட்டித்ததற்கு அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது கெடுதல் செய்யவில்லை.

அந்த மழை நாள் சாயங்காலமே சிவலிங்கத்திடம் நான்தான் சொன்னேன். ஈரச் சட்டையோடு வந்து, "என்னாக்கா, பொட்டிக்குள்ள பாம்பு கீம்பு பூந்துருச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உட்காரவைத்து முழுக்கச் சொன்னேன். ரமணா தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றார். கேட்டு முடித்ததும் சிவலிங்கம், "அப்ப அந்தச் சனியன் இங்கன மேசைல குந்திக்கிட்டு நான்தான் மின்னி பேன்னு சொல்லியிருக்கு" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ரமணாவின் தோளில் கையை வைத்து, "வீட்டுல சொல்லிறாதீங்க. அவ என்னய மறுபடி ரப்பர் மரத்துக்கே அனுப்பிருவா" என்றார். அதற்குத்தான் மூன்று பேரும் சிரித்தோம்.

அதன்பிறகு அவர் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். கன்ட்ரோல் ரூமில் இருந்து "நிறுத்தியாச்சு" என்று சொன்னால் உடனே ஏறமாட்டார். எர்த் ராடு கையில் இருந்தாலும் சரி, ஒரு கேள்வி கேட்பார்: "கார்டு பாத்தாச்சா?" ரமணா பார்த்துவிட்டு, "பாத்தாச்சு அண்ணா, நம்ம கார்டுதான்" என்பார். அவரைப் பார்த்து மற்ற லைன்மேன்களும் கேட்கத் தொடங்கினார்கள். பிரவுசர் என்றால் என்னவென்று அவர்களில் பலருக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. கேட்டால் பதில் சொல்ல நாம் இருக்கிறோம்.

நான் ரிட்டயர் ஆனேன். ரமணா இப்போது உங்களுக்கு மேலே இருக்கிறார், இந்தக் கதையை அவரைப் படிக்கவைத்து, போடலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் உங்களுக்குத் தருகிறேன். சிவலிங்கம் ரிட்டயர் வயது தாண்டியும் கெஞ்சிக் கேட்டு இன்னும் கம்பத்தில்தான் இருக்கிறார், இறங்க மனசில்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. சிவப்பு வராமல் செய்யுங்கள், ஆனால் பிரவுசரின் வாயைக் கட்டி அல்ல. ஒவ்வொரு பெட்டிக்கும் போய், முகத்தைப் பார்த்து, கார்டு கொடுத்து. அப்புறம் என்றைக்காவது சிவப்பு வந்தால், முதலை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மழைக்கு அந்த நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள். ஏதோ ஒரு மதியம் சிவலிங்கம் கூப்பிடுவார். நிறுத்திவிட்டோம் என்று நீங்கள் சொன்னதும், மழைச் சத்தத்துக்கு நடுவே, "தம்பி, கார்டு பாத்தாச்சா?" என்று கேட்பார். பார்க்காமல் இருந்தால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், நனைந்தபடி நிற்பார். பார்த்தாச்சு என்று நீங்கள் சொல்லிவிட்டால், அவர் ஏறிவிடுவார்.